காத்தவர்க்கும் ஒரு மாலை

(இராசிபுரத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு இன்று குறித்துக் கொடுக்கப்பட்ட பொருள் வேறு. “சங்க நூல்களிற் கொடை” என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. அதனைப் பேசுதற்கென்றே குறிப்புக்களும் எழுதி வைத்திருந்தேன். ஆயின், சென்ற கிழமை நம் சங்கக் கட்டடத்தில் நேர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று அக்குறிப்புக்களை மடித்து வைக்கும்படி செய்துவிட்டது. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். கொடையைப் பற்றியே பேசப்போகிறேன்; ஆனால் அது பாரியின் கொடையன்று, நாம் ஆண்டுதோறும் கொடுக்கும் கொடை.

கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகளுள் விளையாட்டிற் சிறந்தார் ஒருவர்க்கு ஆண்டுதோறும் ஒரு பதக்கமும், ஓராண்டுக் கல்லூரிச் செலவுக்குரிய தொகையும் நம் சங்கம் வழங்கிவருவதை யாவரும் அறிவீர்கள். லாரித் தொழிலிலும், கோழிப் பண்ணையிலும், சேகோ ஆலையிலும் பாடுபட்டு ஈட்டிய அன்பர்கள் மனமுவந்து அளித்த நிதி அது. அதற்கு வந்த விண்ணப்பங்களை வரிசைப்படுத்தி வைக்கும் பணி இவ்வாண்டு என்பால் வந்தது.

அவ்விண்ணப்பங்களுள் ஒன்றில், ஆட்டத்தின் பெயர் என்ற இடத்தில் ‘ஹாக்கி’ என்றும், அதன்கீழ் ‘இவ்வாண்டு அடித்த கோல்கள்’ என்ற இடத்தில் ஒரு சுழியும் எழுதப்பட்டிருந்தன. அவ்விடத்தை வெற்றிடமாக விட்டிருந்தால் மறதி என்று எண்ணியிருப்பேன். சுழியோ வட்டமாக, அழுத்தி, ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பத்தின்மேல் நீல மையால் ஒரு குறுக்குக் கோடு. ‘தகுதியில்லை’ என்பது அக்கோட்டின் பொருள்.

கோடிட்ட அன்பரை யான் குறை கூறேன். படிவத்தின்படி அவர் செய்தது சரியே. அப்படிவத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்தவன் யான். ஆகவே, குற்றவாளி உங்கள்முன் நிற்கிறான். வழக்கையும் அவனே பேசுகிறான்.

அந்தச் சுழியை எழுதிய பெண்ணின் பெயரை ஈண்டுச் சொல்லேன். தேர்வு முடியாத நேரத்தில் மேடையிற் பெயர் கூறுதல் முறையன்று. திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சிற்றூரினள். தந்தையார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு ஆண்டின் பெரும்பகுதி வடநாட்டில் இருப்பவர். தாயார் விசைத்தறிக்குச் செல்பவர். மகள் கல்லூரியில் ஹாக்கி ஆடுகிறாள். பந்து புகும் வாயிலைக் காக்கிறாள்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடங்கொடுங்கள். தமிழாசிரியனுக்கு அது பிறவிப் பழக்கம். பந்து புகும் வாயிலை ஆங்கிலேயர் வழங்கிய பெயராலேயே நாமும் ‘கோல்’ என்கிறோம். தமிழிற் கோல் என்பது தடி. ஆட்டமோ வளைகோலால் ஆடுவது. ‘வளைகோலாற் கோல் அடித்தான்’ என்று எழுதிப் போட்டால் என் வகுப்புப் பையன்கள் சிரிக்கிறார்கள். ஆதலின் அவ்வாயிலை இலக்கு என்றும், அதனைக் காப்பாரை இலக்குக் காவலர் என்றும் இனி வழங்குவேன்.

அப்பெண்ணை அழைத்து, ஏன் அம்மா சுழி எழுதினாய் என்று கேட்டேன்.

“நான் ஒன்றும் அடிக்கவில்லையே, ஐயா. இல்லாததை எப்படி எழுதுவது?” என்றாள்.

“தடுத்தவை எத்தனை?” என்றேன்.

“அதை யாரும் எண்ணுவதில்லை, ஐயா” என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. இன்று வெயில் மிகுதி என்று சொல்வது போலச் சொன்னாள். வீட்டிற்குத் திரும்பிய பின்னும் எனக்கு அச்சொல் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

இவ்வாட்டத்தைக் கண்டறியாத பெரியோர் பலர் இங்கு உள்ளீர்கள். யானும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அவ்வரிசையில் இருந்தவனே. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பத்துப் பேர் வளைகோலின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். காலாலோ உடலாலோ தொட்டால் பிழை. பதினோராமவர் இலக்குக் காவலர். தம் எல்லைக்குள் அவர் காலாலும் கையாலும் உடலாலும் பந்தைத் தடுக்கலாம். அந்த உரிமையின் விலை என்னவென்றால், பந்து அவருடைய உடலை நோக்கியே வரும். இலக்கின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. பந்தின் எடை 156 முதல் 163 கிராம். நம் நாமக்கல் முட்டை மூன்றின் எடை என்று கொள்ளலாம். முட்டை உடையும், இப்பந்து உடைக்கும். கைதேர்ந்தவர் இழுத்து வீசும்போது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது வருகிறது.

பெனால்டி கார்னர் என்று ஒன்றுண்டு. ஒரு கட்சியார் தம் எல்லைக்குள் பிழை செய்தால் மறு கட்சியார்க்கு அது கிடைக்கும். அப்பொழுது காப்பவர் ஐவர்க்கு மேல் நிற்கலாகாது. இலக்குக் காவலரும் அவ்வைவருள் ஒருவர். ஏனையோர் நடுக்கோட்டிற்கு அப்பால் ஓடிவிட வேண்டும். வட்டத்தைச் சுற்றி எதிரிகள் நிற்க, ஓரத்திலிருந்து பந்து தள்ளப்படும். ஒருவர் நிறுத்த, மற்றொருவர் வீசுவார். எல்லாம் இரண்டு மூன்று நொடியில் முடிந்துபோகும். நம் ஊர்க் கிணற்றில் வாளி விழும் நேரங்கூட இல்லை.

சேலத்தில் நடந்த கல்லூரி ஆட்டம் ஒன்றில் இப்பெண் ஆடியதை யான் கண்டேன். ஆட்டத்தை நுணுகிக் காணும் ஆவலால் அவள் நின்ற இலக்கின் பின்னே உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பொய். அங்கே ஒரு வேப்ப மரம் இருந்தது, நிழலுக்காக உட்கார்ந்தேன். அந்நிழல் எனக்கு ஒரு கல்வி ஆயிற்று. பார்வையாளர் யாவரும் பக்கவாட்டில் அமர்ந்து பந்தைப் பார்க்கிறார்கள். இலக்கின் பின்னே அமர்ந்தவனுக்குப் பந்து எப்பொழுதோ வருகிறது. காவலரோ எப்பொழுதும் தெரிகிறார். அவள் அணிந்திருந்த கால் மெத்தைகளும் மார்புக் கவசமும் அவளுக்கு முன் படித்த உயரமான பெண்ணொருத்திக்கு வாங்கியவை. வார் அறுந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தாள். பந்து எதிர்ப் பாதியிற் கிடக்கும்போதும் அவள் சும்மா நிற்கவில்லை. இடப்பக்கம் வா, அவளை விடாதே, பின்னாலே பார் என்று ஆட்டம் முழுவதும் தன் கூட்டாளிகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். களம் முழுவதும் தெரிகின்ற இடம் அவள் நிற்கும் இடம் ஒன்றே என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

அவள் கட்சி ஓர் இலக்கு முன்னே நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிர்க்கட்சியார்க்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. வீசிய பந்தைக் காலால் தடுத்தாள். தடுத்த பந்து மீண்டும் எதிரியின் கோலிற் சென்று விழுந்தது. கீழே படுத்து மட்டையால் தடுத்தாள். எழுவதற்குள் மூன்றாம் முறை அடித்தார்கள். அது அவள் தோளிற் பட்டுக் கோட்டிற்கு வெளியே போயிற்று. ஊதல் ஒலித்தது. பார்வையாளர் எல்லாம் முன்னே அடித்த பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அந்தப் பெண்ணோ நேரே ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டாள். ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தது பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாட் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. அதில் அடித்தவள் பெயர் மட்டும் இருந்தது.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். பழந்தமிழர் போரை இலக்கணமாக வகுத்தபோது ஒவ்வொரு போர்ச் செயலுக்கும் ஒரு பூவைப் பெயராக வைத்தனர். மாற்றார் ஆநிரையைக் கவர்வது வெட்சி; கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை. மதிலை வளைத்துத் தாக்குவது உழிஞை. மதிலைக் காப்பது நொச்சி. தொல்காப்பியனார் புறத்திணையை ஏழாக வகுத்தார். அவர் நூலில் மீட்டல் வெட்சிக்குள்ளும், மதில் காத்தல் உழிஞைக்குள்ளும் அடங்கிக் கிடக்கின்றன. அதாவது, தாக்குவோன் பெயராலேயே காப்போனும் அழைக்கப்படுகிறான். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார் அவ்வாறு விடவில்லை. கரந்தையைத் தனித் திணையாக்கினார். நொச்சியையும் தனித் திணையாக்கினார். எந்த வகுப்பு முறை சிறந்தது என்று உரையாசிரியர்கள் வாதிட்டதுண்டு. அவ்வழக்கிற்குள் இன்று புகேன். ஒன்றை மட்டும் கருதுங்கள்: காத்தவன் தலையிலும் அவனுக்கே உரிய பூ ஒன்று இருத்தல் வேண்டும் என்று ஒரு புலவர்க்குத் தோன்றியிருக்கிறது.

உழிஞை என்பது எங்கோ வளரும் அருமருந்தன்று. நம் வேலியிற் படரும் முடக்கத்தானையே உழிஞை என்பர். தோசை மாவில் அரைத்துச் சேர்க்கிறோமே, அது. நொச்சியும் நம் வாய்க்காற்கரைச் செடியே. சளி பிடித்தால் தழையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பது. தாக்குவோன் பூவும் காப்போன் பூவும் ஒரே வேலியில் நிற்கின்றன. நம் படிவத்தில் மட்டும் முடக்கத்தான் இருக்கிறது, நொச்சியைக் காணோம்.

நூலை விடுங்கள், கல்லைப் பாருங்கள். தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களைத் தொல்பொருள் துறையார் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். பல்லவர் காலத்தன பல. அவற்றுள், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கச் சென்று மாண்டவர்க்கு எடுத்தவை எத்தனையோ. நிரை மீண்டுவிட்டால் ஊரார்க்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது, அவ்வளவே. ஆயினும் அதற்காக உயிர் கொடுத்தவனுக்கு அவ்வூரார் கல் நட்டுப் பூச்சூட்டினர். நமக்கு வடக்கே ஒரு நாட்பயணத் தொலைவில் ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அவ்வூரார் எந்தப் படிவத்தையும் அச்சிட்டவர் அல்லர்.

இத்தவறு நம் சங்கத்திற்கு மட்டும் உரியதன்று. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயின் நாட்டை 4-3 என வென்று பொன் பெற்றது. அவ்வணித் தலைவர் நம் தமிழ்நாட்டு வா. பாஸ்கரன் என்பது இங்குள்ள சிறுவர்க்குங்கூடத் தெரியும். அவ்வணியின் இலக்குக் காவலர் யாவர் என்று கேட்கிறேன். கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. பீர் பகதூர் சேத்ரி, ஆலன் ஸ்கோபீல்ட் என்ற இருவர். எனக்கும் இக்கிழமை தேடிப் படித்த பின்னரே தெரியும்.

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அணி ஐந்து ஆட்டம் ஆடிற்று. அடித்தவை 38, வாங்கியது ஒன்றுமில்லை. இறுதி ஆட்டத்திற் பாகிஸ்தானை 1-0 என வென்றது. அணித் தலைவர் பல்பீர் சிங், மாபெரும் முன்னணி ஆட்டக்காரர். 1957-இலேயே பத்மஸ்ரீ பெற்றார். விளையாட்டு வீரர் ஒருவர் அவ்விருது பெற்றது அதுவே முதன்முறை. அதனை மிகை என்று சொல்வார் ஒருவரும் இலர். அவ்வணியின் இலக்குக் காவலர் சங்கர் லட்சுமணன். மத்தியப் பிரதேசத்து மௌ நகரத்தவர், படைவீரர். அவர் 1960-இல் ரோம் நகரிலும், 1964-இல் டோக்கியோவிலும் இறுதி ஆட்டத்தில் நின்றார். மூன்றிலும் எதிரி பாகிஸ்தானே. ரோமில் 0-1 எனத் தோற்றோம்; டோக்கியோவில் 1-0 என வென்றோம். மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து அவரைக் கடந்து சென்ற பந்து ஒன்றே ஒன்று. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவரே அணித் தலைவராகி, அதுவரை நமக்குக் கிட்டாத ஆசியப் பொன்னையும் கொணர்ந்தார். 1964-இல் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 1967-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆகவே காவலரை எவரும் மதித்ததில்லை என்று யான் சொன்னால் அது பொய்யாகும். அடித்தவர்க்கு ஓராண்டிற் கிடைத்த பட்டம் அவர்க்கு வந்து சேரப் பத்தாண்டு கூடுதலாயிற்று என்பது மட்டுமே என் பேச்சு. அவர் 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில், காலிற் கண்ட அழுகல் நோயால், போதிய பொருளுதவியின்றித் தம் ஊரிலேயே காலமானார்.

எனினும் என் உள்ளத்தை மிகவும் தொட்டவர் மற்றொருவர். மானுவேல் பிரெடெரிக் என்பது அவர் பெயர். கேரளத்துக் கண்ணூரில் 1947-இற் பிறந்தவர். இளம் வயதிலேயே படையிற் சேர்ந்து பெங்களூரில் ஹாக்கி பயின்றவர். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் இலக்குக் காவலர். இன்று செயற்கைத் தரையில் ஆடுகிறார்கள். ஒலிம்பிக்கில் அது 1976-இல் வந்தது. மியூனிக் ஆட்டமோ புல்தரை ஆட்டம். புல்லிற் பந்து எங்கே துள்ளும் என்று அடித்தவனுக்கே தெரியாது. இன்றுள்ள தலைக்கவசமும் பருத்த மெத்தைகளும் அன்றில்லை. அரையிறுதியிற் பாகிஸ்தானிடம் 0-2 எனத் தோற்று, பின்னர் நெதர்லாந்தை 2-1 என வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கம் அணிந்த முதல் மலையாளி அவரே. 1973, 1978 உலகக் கோப்பை அணிகளிலும் இடம்பெற்றார்.

அம் மியூனிக் அணியினர் பலர் அர்ஜுனா விருது பெற்றனர். அஜித்பால் சிங் 1970-இலும், நம் தமிழ்நாட்டுக் கிருஷ்ணமூர்த்தி பெருமாள் 1971-இலும், மைக்கேல் கிண்டோ 1972-இலும், எம். பி. கணேஷ் 1973-இலும், தியான் சந்தின் மைந்தர் அசோக் குமார் 1974-இலும் பெற்றனர். யாவரும் தகுதியுடையவரே, ஒருவர் பெயரையும் அடிக்கமாட்டேன். மானுவேல் பிரெடெரிக்குக்கு அவ்விருது கடைசிவரை வரவில்லை. வாழ்நாட் சாதனைக்கென்று 2002-இல் ஏற்பட்ட தியான் சந்த் விருதும், ஏற்பட்ட பின் பதினேழு ஆண்டு கழித்தே அவரிடம் வந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் அதனை வாங்கியபோது அவருக்கு வயது எழுபத்தொன்று. மியூனிக்கில் நின்றபோது வயது இருபத்து நான்கு. இடைப்பட்டவை 47 ஆண்டுகள். கேரள அரசு கண்ணூரில் அவருக்கு ஒரு வீடும் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-இல் பெங்களூரில் அவர் மறைந்தார்.

பெங்களூர் எங்கோ இல்லை, அன்பர்களே. சேலத்திற் காலையில் ரயிலேறினால் நண்பகலுக்குப் பின் இறங்கலாம். நம் லாரிகள் நாள்தோறும் போய்வரும் ஊர். யான் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். இப்படி ஒருவர் அங்கே வாழ்கிறார் என்று அறிந்தேனில்லை.

எவரோ சூழ்ச்சி செய்து அவரை விலக்கினர் என்று யான் கருதவில்லை. சூழ்ச்சி இருந்திருந்தால் ஒருவேளை எளிதில் வெளிப்பட்டிருக்கும். தேர்வு செய்வோர் கையில் ஒரு தாள் இருந்திருக்கும். அத்தாளில் எண்கள் இருந்திருக்கும். அவ்வெண்களில் அவருடைய வேலைக்குரிய எண் இராது. காவலர் தம் தொழிலை எவ்வளவு செம்மையாகச் செய்கிறாரோ அவ்வளவுக்குச் சொல்வதற்கு ஒன்றும் நிகழாமற் போகிறது. அவர் பிழை செய்தால் மட்டும் அது பலகையில் ஏறுகிறது. நம் ஓட்டுநர் அன்பர்களைக் கேளுங்கள்: தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடித்ததைப் பற்றி எவரேனும் வீட்டில் வந்து கதை சொல்வதுண்டா? பிடிக்காத நாளிற்றான் கதை.

உலக ஹாக்கிக் கூட்டமைப்பும் இதே வழியில் நடந்து பின் திருந்திற்று. சிறந்த ஆட்டக்காரர் விருதை 1998 முதல் கொடுத்துவந்த அவர்கள், 2014 முதல் இலக்குக் காவலர்க்கெனத் தனி விருது ஒன்றை ஏற்படுத்தினர். ஐயனாரிதனார் நொச்சியைப் பிரித்தது போன்ற செயல் என்று எண்ணி மகிழ்ந்தேன். பிரித்தவுடன் நம் நாட்டார் இருவர் கண்ணுக்குத் தெரியலாயினர். கேரளத்து ஸ்ரீஜேஷ் அவ்விருதை மூன்று முறை பெற்றார். அரியானாப் பெண் சவிதா பூனியாவும் மூன்று முறை பெற்றார். 2021 ஆகஸ்டு 5-இல் டோக்கியோவில் ஜெர்மனியோடு ஆடிய ஆட்டத்தில் 5-4 என நாம் முன்னிற்க, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்ததைத் தொலைக்காட்சியிற் கண்டு நம் ஊர்களிற் பட்டாசு வெடித்தோம். நாற்பத்தோராண்டுக்குப் பின் வந்த பதக்கம் அது. அதற்கு மூன்று நாள் முன்னே ஆஸ்திரேலியாவை 1-0 என வென்ற மகளிர் அணியின் வாயிலில் சவிதா நின்றார். ஸ்ரீஜேஷுக்கு 2021-இல் கேல் ரத்னாவும், 2025-இல் பத்மபூஷணும் கிடைத்தன. சங்கர் லட்சுமணனும் மானுவேலும் செய்த அதே வேலைதான். பார்க்கும் கண் மட்டும் மாறிற்று.

யான் கூறிய பெயர்களில் நம்மவர் ஒருவரும் இல்லையே என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மை. ஒருவரும் இல்லை. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் அருமையை அறிதற்கு எனக்குக் கண்ணூரையும் மௌ நகரையும் சுற்றி வரவேண்டியதாயிற்று.

இனித் தடைகளுக்கு வருகிறேன். பொருளாளர் ஐயா நேற்று என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது: அடிக்காமல் எந்த ஆட்டத்தை வெல்வது? வெல்ல முடியாது, ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடாமல் இருந்தால் ஒன்று அடித்தாற் போதும். விட்டுக்கொண்டே இருந்தால் ஐந்து அடித்தும் போதாது. இரண்டாவது கேள்வி வலியது: அடித்ததை எண்ணலாம், காத்ததை எதனால் அளப்பது? வெறும் புகழ்ச்சொல்லை நம்பிச் சங்கப் பணத்தைக் கொடுக்கலாமா? கொடுக்கலாகாது என்றே யானும் சொல்வேன். அளக்க வழியுண்டு. ஆடிய ஆட்டம் எத்தனை, அவற்றுள் ஒரு பந்தும் உட்புகாத ஆட்டம் எத்தனை, எதிர்கொண்ட பெனால்டி கார்னர் எத்தனை, அவற்றிற் காத்தவை எத்தனை என்று பயிற்சியாளரிடம் எழுதி வாங்கலாம். யான் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அத்தாள் விண்ணப்பத்தோடு கோக்கப்பட்டிருக்கிறது. மேடையில் அவ்வெண்களைச் சொல்லேன். குழுவினர் அமைதியாக இருந்து பார்க்கட்டும்.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதனை ஒருவரும் கேட்கவில்லை, யானே சொல்லவேண்டும். இவ்வாண்டுப் பரிசுக்கு முதலிடத்தில் வைக்கப்பட்டிருப்பவன் என் மாணவன். நான்கு ஆண்டு என்னிடம் தமிழ் படித்தவன். அவனும் ஹாக்கி ஆட்டக்காரனே, முன்னணியில் ஆடுபவன், அவன் படிவத்திலுள்ள எண் பெரிது, ஒவ்வொன்றும் உண்மை. அவன் தந்தையார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை அவர் வீட்டிற்றான் சிற்றுண்டி உண்டேன். அவனைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்லேன். பரிசை இருவர்க்கும் பாதியாகப் பிரித்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதிப் பரிசு இருவரையும் ஐயுறுகிற பரிசு. அவனுக்கு இன்னும் ஈராண்டு கல்லூரியில் இருக்கிறது, மறுமுறையும் விண்ணப்பிக்கலாம். அவளுக்கு இஃதே கடைசி ஆண்டு. இருவர் தாளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தேன். என் மாணவன் என்ற பற்றை ஒதுக்கிவைத்துப் பார்த்தபோது, இவ்வாண்டு அவள் செய்ததே பெரிது என்று எனக்குப் பட்டது. அவ்வாறு படாதிருந்தால் என் நிலை எளிதாக இருந்திருக்கும்.

அவள் வறியவள் என்பதற்காகக் கொடுங்கள் என்று கேளேன். வறுமைக்கு உதவ நம் சங்கத்தில் வேறு நிதி இருக்கிறது. அதற்கு வேறு படிவமும் இருக்கிறது. இப்பரிசு சிறந்தவர்க்கு உரியது. அந்த முறையிலேயே கேட்கிறேன்.

பள்ளியிற் காலை வணக்கத்தின்போது வென்ற பிள்ளைகளின் பெயரைப் படிக்கும் வேலை இருபதாண்டாக என்னுடையது. இக்கிழமை என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஹாக்கியிலும் காற்பந்திலும் அடித்தவர் பெயர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காவலர் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்பிள்ளைகள் யாவர் என்று நினைவுகூர முயன்றேன். முகங்கள் சில வந்தன, பெயர்கள் வரவில்லை.

செயலாளர் அவர்களிடம் யான் வேண்டுவன இரண்டு. அந்த நீலக் கோட்டை நீக்கி, அவ்விண்ணப்பத்தைத் தேர்வுக் குழுவின்முன் வைத்தல் வேண்டும். ‘அடித்த கோல்கள்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ஆட்டத்தில் ஏற்ற இடம் யாது, அவ்விடத்திற்குரிய பணியில் இவ்வாண்டு செய்தது யாது என்று கேட்டல் வேண்டும். புதிய படிவம் ஒன்றை என் கையாலேயே எழுதி வந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வெட்கப்படமாட்டேன்.

குழு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. பாரியின் கொடையை அடுத்த ஆண்டு பேசுகிறேன்.